தோசைக்கல்லும் படகு எஞ்சினும்

காய்ந்த தோசைக்கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் என்ன ஆகும்? 'டக்'கென்று கீறிவிடும். வார்ப்பிரும்பின் குணம் அது. வளைந்து கொடுக்காது, உடையும். படகு எஞ்சினுக்கும் இந்தச் சங்கடம் உண்டு, சகோதரிகளே!

அமெரிக்காவில் 1947-இல் வெளிவரத் தொடங்கிய 'அடாமிக் ஃபோர்' எஞ்சின், பழைய பாய்மரப் படகுகள் பலவற்றில் இன்றும் ஓடுகிறது. நான்கு சிலிண்டர்களின் புகையையும் திரட்டி வெளியே அனுப்ப அதில் ஒரு வார்ப்பிரும்புக் குழாய். மானிஃபோல்ட் என்று பெயர். சூடு தணிய அதன் இரட்டைச் சுவருக்கிடையே தண்ணீர் ஓடும். பனிக்காலத்துக்கு முன் அதை வடிக்க மறந்தால், நீர் உறைந்து நூற்றுக்கு 9 பங்கு பருக்கும், இரும்பு பிளக்கும்.

சின்ன விரிசல்தானே என்கிறீர்களா? தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால் எஞ்சின் போச்சு. புகை அறைக்குள் கசிந்தால் உயிரே போச்சு! அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே, பசையை அப்பி மறைப்பது ஆபத்து.

கைதேர்ந்த வெல்டர் முதலில் விரிசலின் இரு நுனியிலும் சிறு துளை போடுவார். விரிசல் மேலே ஓடாது. பிறகு அதை வாய்க்கால்போல் அகலப்படுத்தி, குழாயைச் சீராகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைப்பார். முடிந்ததும் உலர்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுவார். அவசரப்பட்டால் பக்கத்திலேயே புது விரிசல்! துருவேறி மெலிந்த இரும்பானால் பற்றவைத்துப் பயனில்லை. புதுக் குழாய்தான் வாங்க வேண்டும்.

நம் வீட்டுக் கல்லுக்கும் அதே விதிதான்: தானாக ஆறட்டும், பிறகு கழுவுங்கள்.