வெளுத்துப்போன பிங்க் சட்டை... யுவென்டஸுக்குக் கறுப்பு வெள்ளை வந்த கதை!

2018-ல் யுவென்டஸ் அணிக்குப் போன ரொனால்டோ, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்ஸியில் ஆடியது ஞாபகமிருக்கிறதா? அந்தக் கோடுகள் முதலில் யுவென்டஸுடையதே இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்தவை!

1897-ல் இத்தாலியின் டூரின் நகரில், மாசிமோ டசெல்யோ என்ற பள்ளியின் மாணவர்கள் தொடங்கிய கிளப் இது. 'யுவென்டஸ்' என்றால் லத்தீனில் 'இளமை'. கிளப்பின் பெரும்புள்ளிகளான அன்யெல்லி குடும்பம் பொறுப்புக்கு வந்தது 1923-ல்தான். ஆரம்பத்தில் பசங்க போட்டது பிங்க் சட்டை. துவைக்கத் துவைக்கச் சாயம் போய் வெளுத்துவிட்டது.

1903-ல் புதுச் சட்டை தேவைப்பட்டது. அணியிலிருந்த ஆங்கிலேயர் ஜான் சாவேஜ், தன் நாட்டிலிருந்த நண்பரிடம் கேட்டார். நாட்டிங்ஹாமில் வசித்த அந்த நண்பர், உள்ளூர் அணியான நாட்ஸ் கவுன்டியின் ரசிகர். பிறகென்ன? தன் அணியின் கறுப்பு வெள்ளைச் சட்டைகளையே அனுப்பிவிட்டார்! அடுத்த இரண்டே வருடத்தில், 1905-ல் யுவென்டஸ் முதன்முறையாக இத்தாலி சாம்பியன்.

அதன்பின் யுவென்டஸ் எங்கேயோ போய்விட்டது. 1862-ல் பிறந்த நாட்ஸ் கவுன்டியோ கீழ் டிவிஷன்களுக்கு இறங்கிவிட்டது. ஆனால், 2011 செப்டம்பரில் டூரினில் புது ஸ்டேடியத்தைத் திறந்தபோது, முதல் மேட்ச் ஆட யுவென்டஸ் அழைத்தது நாட்ஸ் கவுன்டியைத்தான். மேட்ச் 1-1 டிரா!

அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது நம் வீடுகளில் சகஜம். பெரிய ஆளான பிறகும், 'இது அண்ணன் சட்டை' என்று ஊரைக் கூட்டிச் சொல்ல ஒரு மனசு வேண்டும், இல்லையா?