குத்தகைக் கணக்கில் மட்டும் எஞ்சிய கள்ளுக்கடை

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பழைய பப்களை ஒரு பிற்பகலில் சுற்றிப் பார்க்க விரும்புபவருக்குப் பட்டியல் ஆயத்தமாக உண்டு. 1971இல் தோன்றிய காம்ரா அமைப்பு, உள்ளமைப்புச் சிதையாத பப்களை ஆவணப்படுத்திவருகிறது. உழைப்பாளர் அமர்ந்த அறை, கூடுதல் விலை கொடுத்தோர் அமர்ந்த அறை, பிறர் கண்படாமல் பெண்கள் அமர்ந்த சிற்றறை என அச்சமூகத்தின் பிரிவினைகள் மரத்தடுப்பிலும் கண்ணாடியிலும் இன்றும் காணக் கிடைக்கின்றன.

காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் பாதைகள் கூடும் பாகாலாவில் அத்தகைய பிற்பகலுக்கு இடமில்லை. ஈச்ச மரமும் கள்ளிறக்கும் ஈடிகரும் உள்ள நிலம்தான் அது. ஆயினும் அங்கிருந்த கள்ளுக்கடையை ஆவணங்கள் மரவரியாகவும் குத்தகைத் தொகையாகவும் குற்ற வழக்காகவும் மட்டுமே அறியும். கடைக்குள் பலகையில் அமர்ந்தவர் யார், வெளியே நின்று வாங்கிக் குடித்தவர் யார், எவருக்குத் தனிக் குவளை என்னும் வினாக்களுக்கு ஆயத்தீர்வைக் கோப்பில் விடை இராது. கேட்டவர் இருந்தால்தானே!

இதில் சித்தூர் மாவட்டத்திற்குத் தனி இடமுண்டு. இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. மறு ஆண்டே அது சித்தூருக்கும் கடப்பைக்கும் நீட்டிக்கப்பட்டது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கு பின்னர் பலமுறை தளர்ந்தது. விற்பனை வரி தளரவில்லை. அரசின் வரவு செலவு வரலாறு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடையின் வரலாறுதான் எழுதப்படவில்லை.

இக்குறையை நிரப்பப் புகும் ஆய்வாளர்கள் சிலரிடம் ஒரு மயக்கம் காணப்படுகிறது. கள்ளுக்கடையை ஊரின் சமத்துவக் கூடமாக, தமிழ் தெலுங்கு மண்ணின் பப்பாக வருணித்துவிடுகின்றனர். அக்கூடத்திற்கு வெளியே வீட்டில் கூலிக்குக் காத்திருந்த பெண் அவ்வருணனையில் வருவதில்லை. 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்பிலிருந்து புறப்பட்ட பெண்களின் போராட்டம் ஆந்திரம் முழுவதும் பரவி, 1993இல் சாராயத் தடைக்கு இட்டுச் சென்றது. அப்பெண்கள் எதிர்த்தது சாராயத்தை. கள்ளையும் சாராயத்தையும் ஒன்றாக்கி அப்போராட்டத்தைப் படிப்பது பிழை. கள்ளைப் புகழ்வதற்காக அப்போராட்டத்தையே மறப்பது அதனினும் பெரிய பிழை.

ஆகவே பாகாலா வட்டாரத்தில் கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர், குடித்த முதியவரிடம் கேட்கும் அதே வினாக்களை அவர் வீட்டுப் பெண்களிடமும், மரமேறிய குடும்பத்தாரிடமும் கேட்க வேண்டும். கடை எங்கே இருந்தது, வாசல் எத்திசையில் இருந்தது, யார் எங்கே நின்றனர் என்று ஒரு வரைபடமேனும் வரைந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் அத்தடுப்புச் சுவர்கள் நிற்கின்றன. இங்கே அவற்றை நினைவில் வைத்திருப்போர் முதுமையில் இருக்கின்றனர்.