ஜெயிக்கப் போவது யார்? சூப்பர் பவுல் ஹேஷ்யங்களும் பந்தயப் பணமும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரண்டு வாரங்களும் ஹேஷ்ய காலம். பத்திரிகைகளும் டெலிவிஷனும் பந்தயக் கடைகளும் ‘ஜெயிக்கப் போவது யார்?’ என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக் கொள்கின்றன. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தில், கான்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ் கோஷ்டிக்கே வெற்றி வாய்ப்புச் சற்று அதிகம் என்று பந்தயச் சந்தை மதிப்பிட்டது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்ற கோஷ்டி அது. நடந்தது என்ன? இடைவேளையின்போதே பிலடெல்பியா ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் பூஜ்யம். முடிவில் 40-22 என்ற கணக்கில் ஈகிள்ஸ் வெற்றி பெற்றது.

ஹேஷ்யம் பொய்த்தது இது முதல் தடவையல்ல. அது ஏன் பொய்க்கிறது, பொய்க்கும்போது நஷ்டம் யாருடையது என்பவையே கவனிக்க வேண்டிய விஷயங்கள்.

ஒரே ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. பக்கத்துக்கு 11 பேர், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் இது. தேசிய லீகில் 32 கோஷ்டிகள் உள்ளன. லீக் கட்டத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அதன்பின் நாக்-அவுட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பேஸ்பால் விளையாட்டின் இறுதிப் போட்டி ஏழு ஆட்டங்கள் கொண்டது; முதலில் நான்கில் வெல்பவருக்குப் பட்டம். ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு 60 வெற்றி வாய்ப்புள்ள கோஷ்டிக்கு, ஏழு ஆட்டத் தொடரில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 71 ஆக உயர்ந்துவிடும். பலசாலி ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் ஈடு செய்து கொள்ளலாம். சூப்பர் பவுலில் மறுநாள் கிடையாது. கை தவறிய ஒரு பந்து ஓர் ஆண்டு உழைப்பை அடித்துக்கொண்டு போய்விடும்.

யானைக்கும் அடி சறுக்கும்

1969 ஜனவரி 12ஆம் தேதி மியாமியில் நடந்த ஆட்டம் இதற்குத் தலைசிறந்த உதாரணம். லீக் ஆட்டங்கள் 14இல் 13ஐ வென்று வந்த பால்டிமோர் கோல்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸைவிட 18 புள்ளி பலம் வாய்ந்தது என்று பந்தயக்காரர்கள் கணக்கிட்டனர். ஜெட்ஸின் முன்னணி ஆட்டக்காரர் ஜோ நாமத், ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக, வெற்றி எங்களுக்கே என்று உறுதி கூறினார். பலர் சிரித்தனர். ஆனால் கோல்ட்ஸ் வீரர்கள் எறிந்த நான்கு பந்துகளை ஜெட்ஸ் இடைமறித்துப் பிடித்தது. ஜெட்ஸ் 16-7 என்று வென்றது.

2008 பிப்ரவரி 3ஆம் தேதி இன்னோர் அதிர்ச்சி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அந்த சீசனில் 18 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எதிரியான நியூயார்க் ஜயண்ட்ஸையும் ஐந்து வாரத்துக்கு முன்புதான் 38-35 என்று தோற்கடித்திருந்தது. ஆயினும் 17-14 என்ற கணக்கில் கோப்பை ஜயண்ட்ஸுக்கே போயிற்று.

சலுகைப் புள்ளியின் சூட்சுமம்

பந்தயக் கடைக்காரர் யார் ஜெயிப்பார் என்று மட்டும் கேட்பதில்லை. பலமான கோஷ்டி இத்தனை புள்ளிக்கு மேல் ஜெயிக்குமா என்று கேட்கிறார். இந்தச் சலுகைப் புள்ளியை நிபுணரின் ஆரூடம் என்று பலர் நம்புகின்றனர். அது பெரும்பாலும் ஒரு விலையே ஆகும். ஒரு பக்கம் பணம் குவிந்தால் விலை நகரும், மறு பக்கத்துக்கும் ஆள் வர வேண்டும் என்பதற்காக.

1979 ஜனவரியில் நடந்தது இதை அம்பலப்படுத்தியது. டல்லஸ் கௌபாய்ஸை எதிர்த்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு முதலில் மூன்றரைப் புள்ளி என்று விலை வைத்தனர். பிட்ஸ்பர்க் பக்கம் பணம் குவியவே, அதை நாலரையாக உயர்த்தினர். உடனே டல்லஸ் பக்கம் பணம் வந்தது. முடிவு 35-31. வித்தியாசம் சரியாக நான்கு! மூன்றரைக்குப் பிட்ஸ்பர்க் மீது கட்டியவரும் ஜெயித்தார், நாலரைக்கு டல்லஸ் மீது கட்டியவரும் ஜெயித்தார். லாஸ் வேகாஸ் கடைக்காரர்கள் அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று அழைக்கின்றனர்.

கடைக்காரருக்கு இத்தகைய நாள் அபூர்வம். வழக்கமான ஏற்பாட்டில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். 20 பந்தயங்களில் பத்தில் ஜெயித்து பத்தில் தோற்றவருக்கு வரவு 1000, செலவு 1100. சரிபாதி சரியாகச் சொன்னவருக்கும் 100 டாலர் நஷ்டம்! முதல் தேற வேண்டுமானால் 21இல் 11 ஜெயித்தாக வேண்டும்.

பங்கு மார்க்கெட் ஜோசியம்

சூப்பர் பவுலை வைத்து வேறு ஜோசியமும் உண்டு. பழைய தேசிய லீகின் வழிவந்த கோஷ்டி ஜெயித்தால் பங்கு விலை ஏறும், மற்ற லீகின் கோஷ்டி ஜெயித்தால் இறங்கும் என்பது அது. விளையாட்டு எழுத்தாளர் லியனார்டு காப்பட் 1978இல் இதைச் சுட்டிக்காட்டினார். அதுவரை ஆண்டுதோறும் பொருந்தி வந்தது. 2008இல் பழைய லீகின் ஜயண்ட்ஸ் ஜெயித்தது. பங்கு விலையோ அந்த ஆண்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

கைக்குள் வந்த கடை

விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிப்பதற்குத் தடையாக இருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அதன்பின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் கதவைத் திறந்துவிட்டன. முன்பு லாஸ் வேகாஸுக்குப் பயணம் செய்து கட்டிய பந்தயத்தை இப்போது சம்பளம் வந்த இரவே செல்போனில் கட்டலாம்.

இது நமக்குப் புதிய கதையல்ல. நியூயார்க் பருத்திச் சந்தையின் திறப்பு விலையையும் முடிவு விலையையும் வைத்துத்தான் பம்பாயில் மட்கா பிறந்தது. எங்கோ நிர்ணயமாகும் எண்ணுக்காக இங்கே மில் தொழிலாளியின் கூலி போயிற்று. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நமது நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது.

அடுத்த சூப்பர் பவுலில் எந்தக் கோஷ்டி ஜெயிக்கும்? பலமான கோஷ்டி ஜெயிக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நிச்சயமல்ல. இதற்கு மேல் உறுதியாகச் சொல்பவர் எதையோ விற்க வந்தவராகத்தான் இருப்பார். ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு முடிவு தெரியாமல் இருப்பதே சுவை. சம்பளத்தைக் கட்டியவருக்கு அதுவே ஆபத்து.