மாட்டுக்காரர் பாட்டும் பாடற்குழுவும்

கல்லூரி விழாக்களிலும் ஆங்கில தின நிகழ்ச்சிகளிலும் ‘கௌபோய்’ பாடல்களைப் பாடுவது நம் மாணவருக்கு எப்போதும் உவப்பான ஒன்று. அகன்ற தொப்பியும் கழுத்துத் துணியும் அணிந்து, ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் நிரையாக நின்று, சீழ்க்கையும் கூவலுமாகப் பாடிவிட்டு இறங்குவர். சபையோரும் மனமுவந்து கைதட்டுவர். அதிலே குற்றமொன்றுமில்லை. ஆயினும் பாட்டைத் தெரிந்தெடுக்கும் இசையாசிரியர், அப்பாட்டு எங்கே, எவ்வேளையில், எதற்காகப் பாடப்பட்டது என்பதையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

நம்மவர் மனத்திலுள்ள கௌபோய் பெரும்பாலும் திரைப்படம் தந்த கௌபோய். ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972) போன்ற படங்களும், முத்து, லயன் சித்திரக்கதைகளும் அவனை நமக்குத் துப்பாக்கி வீரனாகவே காட்டின. உண்மையில் அவன் கூலிக்கு மாடு சாய்த்தவன். 1866 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம், டெக்சாசிலிருந்து கன்சாசின் புகையிரத நிலையங்கள் வரை மந்தைகளை நடத்திச் சென்றவர்களிடையே வழங்கியவையே இப்பாடல்களிற் பெரும்பாலானவை. அவர்களுள் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. மெக்சிக்கரும் பலர், கயிறெறிந்து மாடு பிடிக்கும் வித்தையே அவர்களிடமிருந்து வந்தது.

இரவிலே ஈராயிரம், மூவாயிரம் மாடுகள் வெட்டவெளியிற் படுத்திருக்கும். இருவர் குதிரைமேல் எதிரெதிர்த் திசையாக மந்தையைச் சுற்றி வருவர். ஒரு மின்னல் வெட்டினாற் போதும். ஒரு சட்டி உருண்டாற் போதும். மந்தை முழுவதும் மிரண்டெழுந்து ஓடும். எதிர்ப்பட்டவன் உயிர் தப்புதல் அரிது. ஆகவே காவலர் பாடினர். தாம் அருகிலிருப்பதை மாடுகளுக்கு உணர்த்துமாறு, குதிரையின் நடைக்கு இசையத் தாழ்ந்த குரலிலே பாடினர். தாலாட்டுக்கு ஒப்பான பாட்டு அது. நம் மேடைகளிற் பாடுவதுபோல அங்கே ஒருவன் பாடியிருப்பானாயின் மந்தை என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்!

எனவே மெல்லப் பாடினால் அழகு குறையாத பாட்டாக இருத்தல் வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்வோம்.

கலப்புப் பாடற்குழுவுக்கு வேறொரு தடையும் உண்டு. இவை தனியொருவர் பாடிய கதைப்பாட்டுகள். மெட்டு ஒன்றே, கண்ணிகளோ பல. பத்துக் கண்ணிகளையும் சொப்ரானோ, அல்ட்டோ, டெனர், பாஸ் என்னும் நான்கு குரல்களிலும் விடாது பாடினால் முன்வரிசையிலிருக்கும் பிரதம விருந்தினரே உறங்கிவிடுவார். கதையைத் தனிக்குரலுக்கு விடுக. ஏனையோர் வாய்மூடி இசைத்துப் பின்னணி தருக. பல்லவிக்கு மட்டும் அனைவரும் சேர்க. ‘ஸ்ட்ரீட்ஸ் ஒவ் லரேடோ’ இதற்கு ஏற்றது. சாகுந்தறுவாயிலுள்ள இளைஞனொருவன் தன் ஈமச் சடங்கைத் தானே வகுத்துரைக்கும் பாட்டு. பிரித்தானிய, ஐரிஷ் மக்களிடை வழங்கிய பழைய இரங்கற் பாட்டொன்றின் வழிவந்தது. இளைஞனுக்கு ஒரு குரலும் கதை சொல்வோனுக்கு வேறொரு குரலும் கொடுத்தால் நாடகம் தானாக அமையும்.

பெண் குரலுக்கு ‘ரெட் ரிவர் வலி’யைக் கொடுக்கலாம். பிரிந்து செல்பவனை நோக்கி ஒருத்தி சற்றே இரு என்று வேண்டும் பாட்டு அது. பாலைத்திணை படித்த மாணவிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அது கனடாவின் மனிற்றோபாப் பக்கத்திற் பிறந்தது என்று கருதும் ஆய்வாளரும் உளர். பொப் நோலன் 1936இல் இயற்றிய ‘கூல் வோட்டர்’ தண்ணீருக்குத் தவிக்கும் வழிப்போக்கனின் பாட்டு. ஒருவர் பாட மற்றையோர் எதிரொலிக்கும் அமைப்பு அதிலேயே இருப்பதால், குழுவுக்கென்றே செய்தது போலப் பொருந்தும். ஆனால் அது பதிப்புரிமையுள்ள பாடல். குரல் பிரித்து எழுதுமுன் அனுமதி பெறல் முறை. ஜிம் ரீவ்ஸ் பாடல்களைச் சேர்க்கும்படி வீட்டுப் பெரியோர் கேட்பர். அவர் 1964இல் மறைந்தபின்னும் இலங்கையர் அவரை மறந்தாரில்லை. ஆயினும் அவை ஒலிவாங்கியின் அருகே நின்று ஒருவர் கனிந்து பாடும் காதற் பாட்டுகள். நாற்பது பேர் சேர்ந்து அவற்றுக்குக் கூட்டத்தக்கது எதுவுமில்லை.

இனி ‘ஹோம் ஒன் த ரேஞ்ச்’. இதைப் பாடாத குழு இல்லை. இதன் சொற்களை 1870களிலே கன்சாசில் எழுதியவர் புறூஸ்டர் ஹிக்லி என்னும் வைத்தியர்; மெட்டமைத்தவர் டானியல் கெலி. 1910இல் ஜோன் லோமாக்ஸ் வெளியிட்ட மாட்டுக்காரர் பாடற்றொகுதியிலே இது இடம்பெற்றது. மாட்டுப் பயணங்களில் முன்னர்ச் சமையல் செய்த கறுப்பினத்தவர் ஒருவரிடம் சான் அன்டோனியோ நகரில் இதைக் கேட்டதாக லோமாக்ஸ் எழுதியிருக்கிறார். 1947இல் கன்சாஸ் மாநிலம் இதைத் தன் பாடலாக ஏற்றுக்கொண்டது.

லோமாக்ஸ் அச்சிட்ட வடிவிலே ஒரு கண்ணி உண்டு. அந்நிலத்திற் பூர்வகாலந்தொட்டு வாழ்ந்த செவ்விந்தியர் அங்கிருந்து நெருக்கித் துரத்தப்பட்டனர், இனி மீள்வது அரிது என்று அது கூறும். பள்ளிப் பாட்டுப் புத்தகங்களிற் பெரும்பாலும் இக்கண்ணியைக் காணோம். மானும் மறியும் விளையாடும் வீட்டைப் புகழ்கையில் இச்செய்தி இடையூறு என்று விலக்கினர் போலும். இதனைச் சேர்த்தே பாடவேண்டும் என்பது என் துணிபு. ஏனைய கண்ணிகளை எல்லாரும் பாடி, இதனை மட்டும் ஒரு அல்ட்டோக் குரல் தனியே, அழுத்தமின்றிப் பாடட்டும். பின்வரும் பல்லவியின் பொருள் வேறாகிவிடுவதைக் கேட்போர் உணர்வர்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் வாவியின் இக்கரையிலேயே இருக்கிறது. எழுவான்கரையில் வாழும் நமக்கும் ஒரு மேற்கு உண்டு, அது படுவான்கரை. அதற்கும் அப்பால், வயலில் வேளாண்மை நிற்கும் காலத்தில் மாடுகளைச் சாய்த்துச் செல்லும் மேய்ச்சற்றரைகள் இருக்கின்றன. மயிலத்தமடு, மாதவணை என்னும் பெயர்களை 2023இல் நாடு முழுவதும் அறிந்தது. தம் மேய்ச்சல் நிலம் பிறரால் உழப்படுகிறதென்று பண்ணையாளர் சித்தாண்டி வீதியோரத்தில் அமர்ந்தனர். அமெரிக்க மாட்டுக்காரனின் நீண்ட பயணத்தை முடித்தவற்றுள் ஒன்று 1874இல் கிளிடன் உரிமை பெற்ற முட்கம்பி. அவன் வருமுன் அந்நிலத்தை இழந்தவரோ வேறு மக்கள். வீட்டிலே எருமைத் தயிர் உண்டுவிட்டு மேடையில் மேய்ச்சல்வெளியைப் பாடும் மாணவன் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் தகும்.

ஆகையால் நிகழ்ச்சியில் மூன்று ஆங்கிலப் பாடல்களின்பின் நம்முடைய பொலிப்பாட்டு ஒன்றையும் வைக்கலாம். களவெட்டியிலே சூடு மிதிக்கையில் எருமைகளும் எருதுகளும் சுற்றிச் சுற்றி வர, இரவிரவாக ஒருவர் பாட மற்றையோர் ஏற்றுப் பாடிய பாட்டு. அங்கே மனிதன் மாட்டைச் சுற்றிப் பாடினான். இங்கே மாடு சுற்ற மனிதன் பாடினான். உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தபின் மாட்டுக்கு அவ்வேலை இல்லை, பாட்டுக்கும் இல்லை. வசந்தன் பாடல்களைத் தொகுத்துத் தந்த தி. சதாசிவ ஐயரைப் போன்றார் பலரிருந்தால் இவற்றுள் இன்னும் பல நம் கைக்கு எட்டியிருக்கும்.

பொலிப்பாட்டை நான்கு குரலாகப் பிரிக்க வேண்டாம். அதற்குச் சுரக்கோவை அந்நியம். ஒரே மெட்டை ஆண்கள் தொடங்கப் பெண்கள் ஏற்பதே போதும். களத்திலே பாடிய முதியவர் எவரேனும் அயலூரில் இருப்பின் அழைத்து வந்து, அவர் பாடும் சுருதியிலேயே பாடப் பழகுக. அது பெண் குரலுக்குத் தாழ்வாயிருப்பின் அடுத்த மேற்றாயியில் ஏற்கலாம். ஆங்கிலப் பாடல்களில், டெனர் குரல் கிடையாத கல்லூரிகள் ஆண் குரலனைத்தையும் ஒன்றாக்கி மூன்று பகுதியாகப் பாடுக. பதினாறு வயதுப் பையனை உச்சத்துக்கு இழுத்து அவன் தொண்டையைக் கெடுக்க வேண்டாம். பயிற்சிக்கு ஆறு வாரம் வேண்டும். தொப்பிகளைக் கடைசி வாரத்திற் பார்த்துக்கொள்ளலாம்.