லட்சியம் தனிச்சொத்தல்ல

தோழர்களே, தேர்வு முடிவு வந்ததும் லட்சியப் பயிலரங்குகளும் தொடங்கிவிடுகின்றன. கோட் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, "கண்ணை மூடுங்கள், உங்களுக்குள் தேடுங்கள், ஐந்தாண்டுத் திட்டம் எழுதுங்கள்" என்கிறார். எழுதியது நடக்காவிட்டால்? "உன் முயற்சி போதவில்லை" என்பதுதான் அவரிடம் இருக்கும் ஒரே பதில். சாதி, கட்டணம், விடுதி, உதவித்தொகை எதற்கும் அந்த நோட்டில் இடமில்லை. தோற்றவன் தலையிலேயே தோல்வியைக் கட்டும் இந்த வித்தையை நாம் ஏற்கக் கூடாது.

கைலாசபுரத்தையே பாருங்கள். 1965இல் இங்கே பெல் கொதிகலன் ஆலை வந்தது. சேரியிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர்கள் கண்ணை மூடித் தேடியதாலா? பொதுத்துறை இருந்தது, இட ஒதுக்கீடு இருந்தது. கதவு திறந்த பிறகுதான் 'ஐடிஐ முடித்தால் வெல்டர் ஆகலாம்' என்ற ஆசை அடுத்த தெருவுக்குப் போனது. இன்று பொதுத்துறை எங்கும் வேலைகள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகின்றன. அவரிடம் இட ஒதுக்கீடு கேட்க முடியுமா?

இன்னொரு கணக்கு. வெளிநாட்டில் படிக்கப் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய உதவித்தொகைக்கு 2025இல் 106 பேர் தேர்வானார்கள். ஜூலையில் 40 பேருக்கு மட்டும் கடிதம் வந்தது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். மதிப்பெண், விண்ணப்பம், கெடு தேதி எல்லாவற்றையும் முடித்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு எந்த முயற்சி போதவில்லை?

அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். 1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். பயிலரங்கின் கணக்கில் அவர் வென்றுவிட்டவர். ஆனால் அந்த ஊரில் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. பட்டமும் பதவியும் ஒரு படுக்கையைக்கூடப் பெற்றுத் தரவில்லை. அவருடைய நோக்கம் தியானத்தில் கிடைத்ததல்ல, இப்படி மூடிய கதவுகளின் முன்னால் கிடைத்தது.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். "படிப்பும் வேலையும் சுயநலம், முழுநேரமாக வா" என்று 19 வயதுப் பிள்ளையிடம் சொல்லும் அண்ணன்கள் இருக்கிறார்கள். போஸ்டர் ஒட்ட ஆள் தேவை, அவ்வளவுதான். அம்பேத்கர் படிப்பை விடவில்லை. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பாடம் நடத்திப் பணம் சேர்த்து, கடனும் வாங்கி, 1920இல் மீண்டும் லண்டன் போனார். பாரிஸ்டராகத் திரும்பி, 1927இல் மகாத் குளத்தில் இறங்கினார். அந்தக் குளத்து வழக்கு 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெல்லும்வரை பத்தாண்டு இழுத்தது. சட்டப் படிப்பு சுயநலமா?

ஆகவே லட்சியம் எழுதுங்கள், மூன்று வரியில். முதல் வரி: நான் என்ன ஆக வேண்டும். இரண்டாவது: எந்தக் கதவு மூடியிருக்கிறது, அதன் சாவி எந்த அலுவலகத்தில் இருக்கிறது. சாதிச் சான்றிதழா, உதவித்தொகையா, விடுதி இடமா? பெயர் வைத்து எழுதுங்கள். உங்களைப் போலவே அந்த வரியை எழுதியிருக்கும் பத்துப் பேரைக் கண்டுபிடித்துச் சேர்ந்து மனுக் கொடுங்கள். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். பத்துப் பேராகப் போனால் கோப்பைத் தேடுவார்கள்.

மூன்றாவது வரி: நான் நுழைந்த பிறகு யாருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று வேதனைப்பட்டார். முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவர்களைத்தான் சொன்னார். அந்தப் பட்டியலில் நம் பெயர் சேரக் கூடாது.

ஜெய்பீம்!