மெஷ் வாங்கறதுக்கு முன்னாடி கம்பி இழுங்க மக்களே!

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. தீசிஸ் ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான். இன்னிக்கும் எழுதற நேரமில்லதான். ஆனா ரெண்டு வாரமா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தைக் கொட்டலேன்னா தூக்கம் வராது போலிருக்கு.

நான் இருக்கிறது கிரவீன்ல, ஒரு பெரிய வீட்டோட பின்பக்கம் இருக்கிற கிரானி ஃபிளாட்ல. வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்துக்காரங்க. அங்கிள், ஆன்ட்டி, ரெண்டு பசங்க, ஆன்ட்டியோட அம்மா. பசங்க அம்மம்மான்னு கூப்பிடறதால எனக்கும் அவங்க அம்மம்மாதான். நான் படிக்கறது சிவில். ஆனா இந்தியாவுல இருந்து வந்த பையன்னா கம்ப்யூட்டர் கரைச்சுக் குடிச்சவன்னு அங்கிளுக்கு ஒரு நம்பிக்கை. அதை நான் கெடுத்துக்கலை, ஹி ஹி.

2025 செப்டம்பர்ல என்.பி.என். காரங்க மொத்த விலைத் திட்டத்தோட வேகத்தை ஒரே நாள்ல ஏத்தினாங்க இல்லையா? வீட்டு வரைக்கும் ஃபைபரோ, எச்.எஃப்.சி. கேபிளோ இருந்தா 100 மெகாபிட் திட்டம் 500 ஆச்சு. அங்கிள் வீடு கேபிள் வீடு, அவருக்கும் ஏறுச்சு. பெரிய சந்தோஷம். ரெண்டு நாள் கழிச்சு என் கதவைத் தட்டினார். "தம்பி, ஐந்நூறு எண்டுதான் சொன்னவங்கள். எங்கட மேல் ரூமில ஒண்டும் வருகுதில்லை. நீர் ஒருக்கா வந்து பாரும்."

போய்ப் பார்த்தேன். மோடம் முன் ஹால்ல, டிவிக்குப் பின்னாடி. மோடத்துல கேபிள் குத்திப் பார்த்தா 480. ஹால்ல வைஃபைல 400. மாடி ரூம்ல 40. கீழ கடைசில இருக்கிற அம்மம்மா ரூம்ல 9. என் கிரானி ஃபிளாட்ல 3! திட்டம் 100 ஆ இருந்தப்பவும் எனக்கு அதே 3 தான். வெளியில இருந்து வர்ற குழாயை எவ்வளவு பெருசாக்கினாலும் வீட்டுக்குள்ள போற குழாய் ஒல்லின்னா தண்ணி அவ்வளவுதான்.

சரி, மெஷ் போடலாம்னு சொல்லி, மூணு பெட்டி செட் ஒண்ணு வந்துச்சு. ஹால்ல ஒண்ணு, மாடில ஒண்ணு, என் ரூம்ல ஒண்ணு. மாடி பசங்களுக்கு 200 வந்துச்சு. ஒரே கொண்டாட்டம். எனக்கு 3 லேருந்து 20 ஆச்சு, அதுவும் விட்டு விட்டு. சூப்பர்வைசரோட வீடியோ கால்ல நான் முக்கியமா ஒரு வரைபடத்தைக் காட்டுறப்ப அப்படியே உறைஞ்சு போய் நின்னேன். வாய் திறந்த நிலையில. ஸ்க்ரீன்ஷாட் யார்கிட்டயும் இருக்காதுன்னு நம்பறேன் :-)

ஏன் இப்படின்னு உக்காந்து யோசிச்சப்பதான் படிச்ச சிவில் உதவிச்சு. இங்க நிறைய வீடுகள்ல வெளியில ஒரு வரிசை செங்கல், உள்ள மரச்சட்டம், அதுல ஜிப்சம் பலகை. நம்மூர் ஒன்பது இஞ்ச் சுவரோட பார்த்தா அட்டை மாதிரிதான் தெரியும். ஆனா அந்தச் சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவுல வெயிலும் ஈரமும் வராம இருக்க அலுமினியத் தாள் ஒட்டின ஒரு விரிப்பைப் போடறது உண்டு. அலுமினியம் வெயிலை மட்டுமா திருப்பி அனுப்பும்? ரேடியோ அலையையும் திருப்பிடும். பெரிய வீட்டுச் சுவர்ல ஒரு தாள், என் கிரானி ஃபிளாட் சுவர்ல இன்னொரு தாள். ஹால்ல இருக்கிற பெட்டி எனக்கு அனுப்பற சிக்னல் ரெண்டு கண்ணாடியைத் தாண்டி வரணும்.

இதுல ஒரு வேடிக்கை. சுவர்ல மோதித் திரும்பற அலைகள் ஒண்ணோட ஒண்ணு குழம்பாம பார்த்துக்கிற வித்தை, வைஃபையோட அடிப்படைகள்ல ஒண்ணு. அதைக் கண்டுபிடிச்ச குழுக்கள்ல முக்கியமானது இங்க சிட்னியிலயே இருந்த சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. குழு. ஜான் ஓ'சல்லிவன் தலைமை. அமெரிக்கக் காப்புரிமை 1996 ல கிடைச்சது, 2009 ல அவருக்குப் பிரதமர் அறிவியல் பரிசும் கொடுத்தாங்க. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துகிட்டு நான் 3 மெகாபிட்ல தீசிஸ் எழுதறேன்!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மெஷ்னா என்னமோ மந்திரம்னு நினைச்சுக்கிறோம். அது மந்திரம் இல்ல, அஞ்சல் ஓட்டம். ரெண்டாவது பெட்டி முதல் பெட்டிகிட்ட வாங்கி நமக்குக் கொடுக்குது, அவ்வளவுதான். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கம்பி இல்லேன்னா அந்த வாங்கறதும் காத்து வழியா, கொடுக்கறதும் காத்து வழியா. ஒரே ரேடியோல ரெண்டையும் செய்யற பெட்டின்னா வேகம் பாதியாகும். தனியா ஒரு ரேடியோ ஒதுக்கின விலை ஜாஸ்தி பெட்டின்னா கொஞ்சம் பரவால்ல. ஆனா அதுக்கும் நடுவுல அலுமினியம் நின்னா கதை அதேதான்.

பெட்டி மேல போட்டிருக்கிற நம்பரையும் நம்பாதீங்க. ஏ.எக்ஸ். 3000 ன்னு போட்டிருப்பான். அது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 574, 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402, ரெண்டையும் கூட்டி ரவுண்ட் பண்ணினது. உங்க போன் ஒரு நேரத்துல ஒண்ணுலதான் பேசும். வலது காலும் இடது காலும் தனித்தனியா பத்து கிலோமீட்டர் நடந்துச்சு, அதனால நான் இருபது கிலோமீட்டர் நடந்தேன்னு சொல்ற மாதிரி இருக்கு.

"புதுசா 6 கிகாஹெர்ட்ஸ் வந்திருக்கே, அதுல போட்டா பறக்குமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அமெரிக்கக்காரங்க போடற விமர்சன வீடியோவைப் பார்த்துட்டுச் சொல்றது. அங்க 2020 லயே 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்து விட்டாங்க. இங்க 2022 ல திறந்தது 500 மெகாஹெர்ட்ஸ். அங்க அளந்த வேகத்தை இங்க எதிர்பார்க்க முடியாது. அதை விட முக்கியம், அலைவரிசை ஏற ஏற சுவரைத் தாண்டற சக்தி குறையும். எனக்கு வேண்டியது சுவரைத் தாண்டறதுதானே?

என் கருத்து இதுதான். கம்பி இல்லாத மூணு பெட்டியை விட, கம்பி போட்ட ரெண்டு பெட்டி எப்பவும் மேல். பட்ஜெட்ல முதல் பணம் கேபிளுக்கு, மிச்சம்தான் பெட்டிக்கு. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், கேபிள் அவர் கடையில விக்கற சாமான் இல்ல.

ஆனா ஒண்ணு, நம்மூர் மாதிரி நாமளே ஓட்டை போட்டு இழுத்துடலாம்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல சுவருக்குள்ள, கூரைக்குள்ள, மண்ணுக்கடியில நிரந்தரமா போடற தொலைத்தொடர்புக் கம்பியைப் பதிவு பெற்ற கேபிளர்தான் போடணும். சட்டம். சும்மா தரையில ஓட்டி ரெண்டு பக்கமும் குத்திக்கிற வயர் நம்ம பாடு. அங்கிள் ஒரு கேபிளரைக் கூப்பிட்டார். அரை நாள் வேலை. மோடத்துல இருந்து அம்மம்மா ரூம் பக்கத்து நடைக்கு ஒண்ணு, என் ரூமுக்கு ஒண்ணு. இப்ப எனக்கு 450. அம்மம்மாவுக்கு 300. மூணு பெட்டியில இன்னும் மாடில இருக்கிறது மட்டும்தான் காத்துல ஓடுது, அது போதும்.

இந்த இடத்துல பதிவு முடிஞ்சிருக்கணும். முடியல. முக்கியமானது இனிமேதான்.

மெஷ் போட்ட அன்னிக்கு நான் ஒரு மேதாவித்தனம் பண்ணினேன். கம்பெனி கொடுத்த பழைய மோடத்தைக் கழட்டி அலமாரில போட்டுட்டு, மெஷ் பெட்டியை நேரா என்.பி.என். பெட்டியில குத்தினேன். ஒரே பெட்டி, சுத்தமா இருக்கும்னு. மூணாம் நாள் அம்மம்மா என்னைப் பார்த்து, "ஏன் மோனை, ரெண்டு நாளா ஒருத்தரும் எனக்குக் கோல் எடுக்கேல்லை"ன்னாங்க. அப்பவும் எனக்கு உறைக்கலை. அன்னிக்கு ராத்திரி டொரோண்டோவுல இருந்து அங்கிளுக்கு மெசேஜ். கொக்குவில்ல இருக்கிற அம்மம்மாவோட தங்கச்சி ரெண்டு நாளா வீட்டு நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்து, அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்கிறாங்கன்னு அழுதுகிட்டு இருக்காங்களாம்.

அந்த லேண்ட்லைன் வயர் பழைய மோடத்தோட பின்பக்கம் குத்தியிருந்துச்சு மக்களே! என்.பி.என். வந்தப்புறம் வீட்டு போனும் இன்டர்நெட் வழியாத்தான். நிறைய கம்பெனிகள் அந்த போன் இணைப்பைத் தங்களோட மோடத்துக்குள்ளயே பூட்டி வச்சிருக்காங்க. நான் மோடத்தைக் கழட்டினப்பவே போனும் செத்துப் போச்சு. வீட்டுல ஆறு பேர், யாருக்கும் தெரியல. அந்த போனை உபயோகிக்கிறது அம்மம்மா மட்டும்தான்.

சரி செய்யறது பத்து நிமிஷ வேலை. பழைய மோடத்தைத் திரும்ப முன்னாடி போட்டு, அதோட வைஃபையை மட்டும் அணைச்சுட்டு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல அதுக்குப் பின்னாடி குத்தினேன். போன் உயிர் வந்துச்சு. அம்மம்மா கொக்குவிலோட ஒரு மணி நேரம் பேசினாங்க. என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் இன்னும் குத்துது.

அன்னிலேருந்து எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. நாம எல்லாரும் வேகத்தை ஹால்ல நின்னு அளக்கிறோம். 500 வந்தா செல்ஃபி எடுத்துப் போடறோம். அளக்க வேண்டியது வீட்டோட கடைசி ரூம்ல. அங்க இருக்கிறது பெரும்பாலும் வயசானவங்க, இல்லேன்னா என்னை மாதிரி வாடகைக்கு இருக்கிறவன். ரெண்டு பேருமே கேக்கத் தயங்கற ஆளுங்க. "இன்டர்நெட் சேர்த்து வாடகை"ன்னு விளம்பரம் போடற வீட்டுக்காரங்களே, அதுக்கு அர்த்தம் பாஸ்வேர்டு கொடுக்கிறது இல்ல, அந்த ரூம் வரைக்கும் சிக்னல் கொண்டு வர்றது. படிக்க வர்ற தம்பி தங்கச்சிகளே, பாண்ட் பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ரூம்லயே நின்னு, கதவைச் சாத்திட்டு, ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்க. வெட்கப்படாதீங்க.

கம்பி இழுக்க அனுமதி இல்லாத வாடகை வீடுன்னா? அப்ப கம்பியில்லா மெஷ்தான் வழி, தப்பில்ல. ஆனா ரெண்டாவது பெட்டியை சிக்னலே வராத ரூம்ல வைக்காதீங்க. அதுக்கே சிக்னல் இல்லேன்னா உங்களுக்கு எதைக் கொடுக்கும்? பாதி வழியில, நல்லா வர்ற இடத்துல வைங்க. நான் பண்ணின முதல் தப்பு அதுதான்.

உங்க வீட்டுல யார் ரூம் கடைசி ரூம்? அங்க எவ்வளவு வருது? அளந்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஹால்ல எடுத்த நம்பர் செல்லாது :-)

டிஸ்கி: மலிவு விலைப் பெட்டி வாங்கறவங்க பின்பக்கம் இருக்கிற போர்ட் கிகாபிட்டான்னு பார்த்து வாங்குங்க. சிலதுல 100 மெகாபிட் போர்ட்தான் இருக்கும். அப்புறம் கம்பி இழுத்தும் 100 ஐத் தாண்டலேன்னு வந்து என்னைத் திட்டக் கூடாது.