மாத்திரையும் போதனையும்

2013-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பை நம் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து நோவார்ட்டிஸ் கம்பெனியார், இமாடினிப் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தின் ஒருவகைப் படிக உருவத்துக்குக் கோரிய பேடெண்டு உரிமை அன்று முடிவாக மறுக்கப்பட்டது. அவ்வழக்கு வளர்ந்தது நமது சென்னையிலேதான். 2006-ல் இங்குள்ள பேடெண்டு ஆபீஸ் மனுவை நிராகரித்தது. சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனியார் கிளப்பிய வாதத்தை 2007-ல் சென்னை ஹைகோர்ட்டும் தள்ளிவிட்டது. பழைய பொருளுக்குப் புதுச் சட்டை போட்டுக் காட்டி ஏகபோகம் கேட்க முடியாது என்ற விதி நிலைபெற்றது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்து, நம் நாட்டுத் தயாரிப்பாகப் பத்தாயிரத்துக்கும் குறைந்த விலையில் கிடைக்கும் நிலைமை காப்பாற்றப்பட்டது. அக்கம்பெனியார் ஏழை நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாகவே கொடுத்து வந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் தானமாகப் பெறுவது வேறு, உரிமையோடு வாங்குவது வேறு.

இவ்வளவு வழக்காடிப் பெற்ற மருந்து நோயாளியின் வீட்டு அலமாரிக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே இன்று நாம் பிரஸ்தாபிக்க விரும்பும் விஷயம்.

முன்னெல்லாம் புற்றுநோய் மருந்து என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஊசியும் என்றே அர்த்தம். மருந்து ஏறும்போது நர்ஸ் பக்கத்தில் நிற்பாள்; ஏதேனும் கெடுதி தோன்றினால் டாக்டர் அடுத்த அறையில் இருப்பார். மாத்திரையோ வீட்டில் விழுங்கப்படுகிறது. அளவு பார்ப்பவரும், வேளை தவறாமல் கொடுப்பவரும், உடம்பின் மாறுதலைக் கவனிப்பவரும் அங்கே நோயாளியும் அவர் மனைவி மக்களுமே. நர்ஸுக்கு மூன்று நான்கு வருஷம் பயிற்சி அளிக்கும் நாம், அதே பொறுப்பைச் சுமக்கும் குடும்பத்துக்கு எத்தனை நிமிஷப் பயிற்சி அளிக்கிறோம்? சீட்டு எழுதிக் கொடுத்து, “தினம் ஒன்று, சாப்பிட்டபின்” என்பதோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. சீசாவுடன் ஏதேனும் காகிதம் இருந்தால், அது ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில் இருக்கிறது. சொந்த பாஷையில் தன் உயிர்மருந்தைப் பற்றி அறிந்துகொள்ளும் பாத்தியதை ஒருவனுக்கு இல்லையா?

இமாடினிப் 2001-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றில், இரு குரோமோஸோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் ஒரு கெட்ட புரதம் பிறந்து, வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அப்புரதத்தின் கையை இம்மருந்து கட்டிவைக்கிறது. ஆனால் மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் கட்டு நிற்கும். பல வருஷம் நோய் ஆழ்ந்து அடங்கிய சிலர் மருந்தை நிறுத்திப் பார்ப்பது உண்டு. அது டாக்டரின் மேற்பார்வையில், நுட்பமான இரத்தப் பரிசோதனைகளை இடைவிடாமல் செய்துகொண்டே செய்வது. தானாக நிறுத்துவது முற்றிலும் வேறு காரியம்.

லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. 87 நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்துச் சீசாக்களின் மூடியில், திறக்கும் நேரத்தைக் குறிக்கும் ஒரு கருவியை வைத்து மூன்று மாதம் கவனித்தார்கள். நூற்றுக்கு 90 வேளைக்கு மேல் தவறாமல் உண்டவர்களில் 94.5 சதவிகிதத்தினர் ஆறு வருஷத்துக்குள் நோய் நன்கு அடங்கும் நிலையை எட்டுவர் என்று கணக்கிடப்பட்டது. 90-ம் அதற்குக் குறைவும் உண்டவர்களுக்கு அது 28.4 சதவிகிதமே. 80-ஐத் தாண்டாதவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பலன் கிட்டவில்லை. மாதத்தில் மூன்று நாள் தவறினாலே பத்து சதவிகிதம் போய்விடுகிறது! ஒரு கல்யாணம், ஒரு யாத்திரை, தீர்ந்துபோன சீசாவை வாங்க மறந்த ஒரு வாரக்கடைசி. மூன்று நாள் கழிய வேறென்ன வேண்டும்?

மறதியைவிடப் பெரிய சத்துரு, காரணம் தெரியாத உபாதை. மருந்து தொடங்கிய சில வாரத்தில் காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். இரவில் கெண்டைக்கால் சுளுக்கிக்கொள்ளும். குமட்டலும் பேதியும் அலுப்பும் வரும். இவை இம்மருந்துக்கு இயல்பானவை. பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. முன்கூட்டிச் சொல்லப்பட்டவர் டாக்டரிடம் பரிகாரம் கேட்பார். சொல்லப்படாதவரோ, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானித்து அரை மாத்திரையாக்குகிறார், அல்லது வாரத்தில் இரண்டு நாள் “ஓய்வு” கொடுக்கிறார். கோபிப்பார் என்று பயந்து டாக்டரிடமும் மறைக்கிறார். பிறகு பரிசோதனையில் நோய் ஏறியிருப்பது கண்டு, மருந்து பலிக்கவில்லை என்று டாக்டர் முடிவுகட்ட நேர்கிறது.

நம் தேசத்தாருக்கு விசேஷமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கறுத்த மேனியுடையவருக்கு இம்மருந்தினால் தோல் நிறம் வெளுப்பது பிரத்தியட்சமாகத் தெரியும். நிறத்துக்காகக் களிம்பு வாங்கும் நாட்டில் இதைச் சிலர் லாபமென்றே கொள்ளலாம்! ஆனால் வெண்படை என்று ஊரார் நினைப்பார்களே என்று அஞ்சி மருந்தை விடுவோரும் இருக்கக்கூடும். தோலுக்கு நிறம் தரும் அணுக்களையும் இம்மருந்து சற்றுத் தடுப்பதே காரணம். அது தொற்றுமல்ல, நோய் முற்றியதன் அடையாளமுமல்ல.

காத்திருக்கக் கூடாத குறிகள் வேறு. ஜுரம் கண்டால், வெள்ளணுக்கள் மிகக் குறைந்து கிருமி புகுந்திருக்கலாம். காரணமின்றித் தோலில் கன்றிய நீலம், பல் ஈறில் இரத்தம், கறுத்த மலம் ஆகியவை இரத்தப்போக்கைக் காட்டும். கண் மஞ்சளாதலும் சிறுநீர் கறுத்தலும் ஈரலைப் பற்றியவை. சில தினங்களில் எடை திடீரென ஏறினாலோ, மூச்சுத் திணறினாலோ, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள். இவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் மாதம் வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்வது வீண் செலவுக்காக அல்ல.

உட்கொள்ளும் முறையும் எளியதே. டாக்டர் விதித்த அளவை (பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்) வயிறாரச் சாப்பிட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் அது இரைப்பையை உறுத்தும். விழுங்கியவுடன் படுப்பதும் தகாது. விழுங்க முடியாதவர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். நேற்று விட்டதற்கு இன்று இரண்டாக உண்பதும், வாந்தியானால் கேட்காமல் மறு மாத்திரை போடுவதும் கூடாது. கிரேப் புரூட் என்னும் பழம் மருந்தின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். அதன் இனத்ததாகிய பம்பளிமாஸையும் விலக்குவதே நலம். க்ஷயரோகத்துக்குத் தரும் ரிபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் பெனிட்டாயினும் நேர்மாறாக இம்மருந்தை விரைவில் கழித்துவிடும். க்ஷயம் மலிந்த நம் நாட்டில் இது அற்ப விஷயமல்ல. தலைவலி மாத்திரையானாலும் நாட்டு மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லியே உண்ண வேண்டும். இம்மருந்து உண்ணும் ஸ்திரீகள் கர்ப்பமாவதையும் குழந்தைக்குப் பால் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். இதைச் சங்கோசம் பாராமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது டாக்டரின் கடமை.

கெடுதிகளை எல்லாம் சொன்னால் ஜனங்கள் பயந்து மருந்தையே தொடமாட்டார்கள் என்று சில வைத்தியர்கள் கூறுவதை நாம் அறிவோம். இந்த ஆட்சேபம் நமக்குப் பழக்கமானதே. ஜனங்களுக்கு எதையும் தெரிவிக்கலாகாது என்று விரும்பிய அதிகாரிகள் எக்காலத்திலும் இப்படித்தான் பேசி வந்திருக்கிறார்கள். பயந்தவர் கேட்கவாவது வருவார்.

ஆகவே, சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் கடையாயினும், இம்மருந்தின் ஒவ்வொரு சீசாவுடனும் நல்ல தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஒரு தாள் கொடுக்கப்பட வேண்டும். எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓடிவர வேண்டும், இரவில் எந்த டெலிபோன் எண்ணில் கேட்கலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். மருந்து கொடுப்பவர் அதைப் படித்துக் காட்டி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். எழுத்தறியாதவருக்கு உடன்வந்தவர் யாரோ அவரிடம் சொல்லலாம். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. அச்சுக்கூலி மாத்திரை விலையில் தூசுக்குச் சமானம். மனமிருந்தால் அடுத்த மாதச் சீசாவுடனேயே தொடங்கிவிடலாம்.